கருவிக்கு ஒரு பாயிரம்: செயல்முகவர்களுக்கு எழுதப்படும் கருவி விளக்கங்கள் குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

அண்மைக் காலத்தில் ஒரு புதிய உரைவகை தோன்றியுள்ளது. அதை எழுதுவோர் பெரும்பாலும் மென்பொருள் வல்லுநர். அதைப் படிப்பதோ மனிதர் அல்லர், ஓர் இயந்திரம். பெருமொழி மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டு இயங்கும் செயற்கை நுண்ணறிவுச் செயல்முகவர், பிற மென்பொருள்களைத் தாமே இயக்கி ஒரு பணியை முடிக்க வல்லவை. ஒரு நூற்பட்டியலைத் தேடுதல், ஒரு பதிவைத் திருத்துதல், ஒரு மடலை அனுப்புதல் போன்ற ஒவ்வொரு செயலும் அவற்றுக்கு ஒரு 'கருவி'யாக வழங்கப்படுகிறது. கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், இயல்பான மொழியில் அமைந்த ஒரு விளக்கக் குறிப்பு, அது வேண்டும் உள்ளீடுகளின் பட்டியல் ஆகிய மூன்றும் உண்டு. 2023 ஜூன் மாதத்தில் ஓப்பன்ஏஐ நிறுவனம் தன் மாதிரிகளுக்கு இவ்வகை அழைப்புமுறையை அளித்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' என்னும் நெறிமுறை, கருவிகளை விவரிக்கும் முறைக்கு ஒரு பொது வடிவம் தந்தது.

ஈண்டு கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. பொதுவாக, கருவியின் உள்ளே இயங்கும் நிரலைச் செயல்முகவர் காண்பதில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது, எப்போது தேர்ந்தெடுப்பது, எவ்வுள்ளீட்டைத் தருவது என்னும் முடிவுகளை அது விளக்கக் குறிப்பை நம்பியே எடுக்கிறது. எனவே அக்குறிப்பின் ஒரு சொல் பிழைபட்டால் செயலும் பிழைபடும். இது நிரலாக்கச் சிக்கலாகவே இதுவரை பேசப்பட்டு வருகிறது. இது அடிப்படையில் உரைநடைச் சிக்கல் என்பதும், இதற்குரிய அளவுகோல்கள் நம் மரபில் முன்பே உள்ளன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். அவ்வளவுகோல்கள் எதுவரை பொருந்தும், எங்கே பொருந்தாமற் போகும் என்பதும் ஆராயப்படும்.

2. கொல்கத்தா தரும் இரு முன்மாதிரிகள்

பொருளைக் காணாதவர் குறிப்பை மட்டும் கொண்டு முடிவெடுக்கும் நிலை புதியதன்று. கொல்கத்தா நகரின் இரு நிறுவனங்கள் இதற்குச் சான்றாகும்.

2.1 நூலகப் பதிவு

அலிப்பூரிலுள்ள பெல்வெடேர் மாளிகையில் 1953இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தேசிய நூலகம், நாட்டின் மிகப் பெரிய நூலகமாகும். 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கற் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் அங்குச் சேர்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக விளங்கிய ச. வையாபுரிப் பிள்ளையின் சொந்த நூற்றொகுதியும் அந்நூலகத்திலேயே பேணப்படுகிறது. தமிழாய்வாளர் பலர் கொல்கத்தாவை நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அத்தகைய நூலகத்தில் வாசகர் அடுக்குகளிடையே உலவி நூலைத் தேட இயலாது. அவர் காண்பது பட்டியற் பதிவு ஒன்றையே. பதிவு பிழைபட்டால் நூல் இருந்தும் இல்லாததாகிவிடும். சீர்காழியில் 1892இல் பிறந்த சி. இரா. அரங்கநாதன், தம் பட்டியலாக்க நூல்களில் இச்சிக்கலுக்கு நெறிகள் வகுத்தார். அவற்றுள் இரண்டு இங்குக் குறிப்பிடத்தக்கன. ஒரு பெயர் ஒரே பொருளைச் சுட்டுமாறு வேறுபடுத்தி அமைய வேண்டும் என்பது தனிப்படுத்தல் நெறி. வாசகர் எச்சொல்லைக் கொண்டு தேடி வருவாரோ அச்சொல்லே தலைப்பாதல் வேண்டும் என்பது நாடப்படும் தலைப்பு நெறி. முன்னது பொருளை நோக்கியது; பின்னது படிப்பவரை நோக்கியது. நல்ல பதிவுக்கு இரண்டும் வேண்டும்.

2.2 கள ஆய்வு வரையறை

கொல்கத்தாவில் 1931இல் பிரசாந்த சந்திர மகலனோபிசு நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம், 1950இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வடிவமைப்பில் முதன்மைப் பங்காற்றியது. அக்கணக்கெடுப்பில் நாட்டின் பல மூலைகளிலும் இருந்த களப்பணியாளர், ஒரு வீட்டு வாயிலில் நின்று 'இது ஒரு குடும்பமா, இரு குடும்பங்களா' என்று தாமே முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஐயம் எழுந்தால் கொல்கத்தாவைக் கேட்க வழியில்லை. எனவே 'குடும்பம்' என்பதற்குப் பொருள்கூறி விடாமல், ஒரு சோதனையையே வரையறையாகத் தந்தனர். வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் உண்போர் ஒரு குடும்பம். சிறிது காலம் வெளியூர் சென்றோர் அதில் அடங்குவர், விருந்தினர் அடங்கார்.

இவ்வரையறையின் சிறப்பை நம் வழக்கே விளக்கும். ஒரு கூரையின்கீழ் இரு அண்ணன் தம்பியர் இருந்தாலும் 'உலை வேறாகிவிட்டது' என்றால் குடும்பம் பிரிந்தது என்பது ஊரார் கருத்து. உறவு, கூரை, சொத்து ஆகியவற்றை விட்டு, கண்ணாற் கண்டு தெளியத்தக்க ஒன்றை அவ்வரையறை பற்றிக்கொண்டது. அடங்குவது எது, அடங்காதது எது என இருபுறமும் எல்லை கட்டியது. கருவி விளக்கம் எழுதுவோர் முதலிற் கற்க வேண்டிய பாடம் இதுவே எனலாம்.

3. பாயிரமும் கருவி விளக்கமும்

நூலுக்கு முன்நின்று அதன் இயல்பைக் கற்போர்க்கு உணர்த்துவது பாயிரம். பவணந்தி முனிவரின் நன்னூல், சிறப்புப் பாயிரத்துக்குரிய செய்திகளாக ஆசிரியன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைக் கூறி, காலம், களம், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உளர் எனச் சுட்டுகிறது. இவற்றுட் பல கருவி விளக்கத்துக்கு அவ்வாறே பொருந்துகின்றன. கருவியின் பெயர், அது செய்யும் செயல், அது செயற்படும் எல்லை, அதை அழைக்க வேண்டிய காரணம், அதனால் விளையும் பயன் ஆகியன விளக்கத்தில் இடம்பெற வேண்டியவை.

இன்று எழுதப்படும் விளக்கங்களில் நுதலிய பொருள் பெரும்பாலும் உண்டு, எல்லைதான் காணப்படுவதில்லை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒரு நூலகப் பட்டியலுக்கு 'நூல் தேடல்' என்னும் கருவி அமைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். அதன் விளக்கம் 'நூல்களைத் தேட உதவும்' என்றிருந்தால், பெயர் சொன்னதையே விளக்கமும் சொன்னது. இது கூறியது கூறல். வேண்டியதைச் சொல்லாமையால் குன்றக் கூறலும் ஆகும். அதனைப் பின்வருமாறு திருத்தலாம்:

'நூற்பட்டியலில் ஆசிரியர் பெயர், தலைப்பு, பொருள் ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு தேடி, பொருந்தும் பதிவுகளின் எண்களைத் தரும். நூலின் பாடத்தைத் தராது. அதற்கு நூற்பாடம் பெறும் கருவியை அழைக்கவும். தமிழ் எழுத்தில் அமைந்த பதிவுகளில் மட்டும் தேடும். உரோமன் எழுத்தில் அமைந்த பழைய பதிவுகள் இதில் அடங்கா. எனவே விடை வெறுமையாக வந்தால் நூல் இல்லை எனக் கொள்ளற்க.'

இத்திருத்தத்தின் இறுதித் தொடரே முதன்மையானது. 1958 முதல் வெளிவரத் தொடங்கிய இந்தியத் தேசிய நூற்றொகை, தமிழ் உட்படப் பல இந்திய மொழி நூல்களின் பதிவுகளை உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் தந்தது. பல மொழி நூல்களை ஒரே வரிசையில் அடுக்க அது வழிசெய்தது. ஆனால் தமிழ் எழுத்தில் மட்டும் தேடும் ஒரு கருவிக்கு அத்தகைய பதிவுகள் புலப்படா. அவ்வெல்லையைச் சொல்லாத விளக்கத்தை நம்பிய செயல்முகவர், 'இந்நூல் இந்நூலகத்தில் இல்லை' என்று ஆய்வாளரிடம் உறுதியாகக் கூறிவிடும். 'கிடைக்கவில்லை' என்பதற்கும் 'இல்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கு அழிகிறது. கொல்கத்தாவுக்குப் புறப்பட இருந்த ஆய்வாளர் பயணத்தைக் கைவிடுகிறார். நூலோ அடுக்கில் இருந்தபடியே இருக்கிறது.

4. குற்றங்களின் வகை

நன்னூல் நூலுக்குப் பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துள்ளது. கருவி விளக்கங்களிற் காணப்படும் பிழைகளை அக்குற்றப் பெயர்களாலேயே பகுக்க இயல்வது வியப்புக்குரியது.

'விரைவானதும் ஆற்றல் மிக்கதுமான தேடல் வசதி' என எழுதுவது வெற்றெனத் தொடுத்தல். செயல்முகவருக்கு விளம்பரம் பயன்படாது. நிறுவன வரலாற்றையும் பதிப்பு வளர்ச்சியையும் விளக்கத்துள் எழுதுவது மற்றொன்று விரித்தல். இதனால் நேரடி இழப்பும் உண்டு. கருவி விளக்கங்கள் யாவும் மாதிரி ஒரே நேரத்தில் கருத்திற் கொள்ளத்தக்க உரையளவுக்குள் இடம்பிடிப்பவை. ஐம்பது கருவிகளின் மிகையுரை, பயனாளர் கேட்ட வினாவுக்குரிய இடத்தையே குறுக்கிவிடும். உள்ளீட்டின் பெயர் 'ஆண்டு' என்றிருக்க, விளக்கம் நாள் திங்கள் ஆண்டு மூன்றையும் கேட்பது மாறுகொளக் கூறல். 'பதிவைப் பெறு', 'பதிவைக் காட்டு' என இரு கருவிகளை வேறுபாடு கூறாமல் அடுத்தடுத்து வைப்பது மயங்க வைத்தல். அரங்கநாதனின் தனிப்படுத்தல் நெறி மீறப்படுவதும் இவ்விடத்தில்தான்.

தமிழில் எழுதப்படும் விளக்கங்களுக்கே உரிய ஓர் இடர் தொகைநிலைத் தொடர். ஒரு தொகை இரண்டு முதல் ஏழு வரையிலான பொருள்களில் விரியலாம் என இலக்கணம் கூறும். 'வாசகர் பதிவு நீக்கம்' என ஒரு கருவிக்குப் பெயரிட்டால், வாசகர் எழுதிய குறிப்பை நீக்குவதா, வாசகரின் உறுப்பினர் பதிவையே நீக்குவதா, வாசகர் தாமே தம் பதிவை நீக்கிக்கொள்வதா என்பது விளங்காது. 'நீக்கம்' என்பதும் முற்றாக அழித்தலா, பட்டியலிலிருந்து மறைத்தலா என்பது தெளிவில்லை. மனித அலுவலர் இத்தகைய பெயரைக் கண்டால் அடுத்த மேசையிற் கேட்டுத் தெளிவார். செயல்முகவர் கேளாமலே செய்து முடித்துவிடக்கூடும். அழிந்த பதிவு மீளாது. எனவே மீட்க முடியாத செயல்களைச் செய்யும் கருவிக்குத் தொகையை விரித்து எழுதுவதும், 'இச்செயலை மீட்க இயலாது. பயனாளரின் இசைவைப் பெற்ற பின்னரே அழைக்கவும்' எனச் சேர்ப்பதும் இன்றியமையாதன. முன்குறிப்பிட்ட நெறிமுறையில், ஒரு கருவி படிக்க மட்டும் வல்லதா, அழிக்கவும் வல்லதா என்று குறிக்கத் தனி இடமே பின்னர் ஏற்படுத்தப்பட்டது. ஆயினும் அக்குறிப்பு விளக்கத்துக்கு மாற்றாகாது.

5. உள்ளீடுகளும் மொழிபெயர்ப்பும்

விளக்கத்தினும் உள்ளீட்டுப் பட்டியலே தமிழுக்கு மிகுந்த தீங்கு விளைக்கிறது. இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

முதலாவது, ஆட்பெயர். 'குடும்பப் பெயர்' என்னும் உள்ளீட்டைக் கட்டாயமாக்கிய கருவியில் அரங்கநாதனை எவ்வாறு உள்ளிடுவது? அவர் பெயரின் முன்னெழுத்துகளுள் ஒன்று ஊரையும், மற்றொன்று தந்தையார் பெயரான இராமாமிருதத்தையும் குறிப்பன. அரங்கநாதன் என்பது அவருக்கு இட்ட பெயர். குடும்பப் பெயர் என்ற ஒன்று அவருக்கு இல்லை. இறுதிச் சொல்லே குடும்பப் பெயர் என்னும் மேலைநாட்டு வழக்கை ஏற்றால், வையாபுரிப் பிள்ளையைத் தேட முற்பட்ட செயல்முகவர் 'பிள்ளை' எனத் தேடி, தொடர்பற்ற பலருடைய நூல்களைக் கொண்டுவரும். 'எஸ்.' என்றும் 'ச.' என்றும் முன்னெழுத்து மாறி வருவது மேலும் ஓர் இடர். 'ஆசிரியர் பெயர்: நூலின் முகப்புப் பக்கத்தில் உள்ளவாறு; முன்னெழுத்தை விட்டும் தேடலாம்' என்னும் ஒரு தொடர் இவ்விடரைப் பெரிதும் குறைக்கும்.

இரண்டாவது, எழுத்து. 'தலைப்பு 10 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும்' என்று ஓர் உள்ளீட்டு விளக்கம் கூறுகிறது எனக் கொள்வோம். 'கொல்கத்தா' என்னும் சொல் தமிழிலக்கணப்படி ஐந்தெழுத்து. யூனிக்கோடு குறியேற்றத்தில் அது 9 குறியெண்களால் ஆனது. ஒகர உயிர்மெய்க் குறியை இரண்டாகப் பிரித்து எழுதும் வடிவில் 10 ஆகும். யூடிஎஃப்-8 முறையிற் சேமித்தால் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் மூன்று பைட்டு வீதம் முறையே 27 அல்லது 30 பைட்டு இடம்பெறும். 'எழுத்து' என்னும் ஒரு சொல் ஐந்து, ஒன்பது, பத்து, இருபத்தேழு, முப்பது என ஐந்து அளவுகளைச் சுட்டவல்லதாகிறது. ஆங்கிலத்தில் ஐந்தும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், அம்மொழியில் விளக்கம் எழுதியவருக்கு இச்சிக்கல் தோன்றவே தோன்றாது. மொழிபெயர்ப்பாளர் 'எழுத்து' என மொழிபெயர்த்துவிட்டு அமைந்தால், மூலத்திற் புதைந்திருந்த மயக்கம் தமிழில் பிழையாக வெளிப்படும். இங்கு மொழிபெயர்ப்பாளரின் கடமை சொல்லை மாற்றுவதன்று. எதனை எண்ணுகிறது இக்கருவி எனக் கேட்டறிந்து எழுதுவதாகும்.

6. ஒரு மறுப்பும் விடையும்

இவ்வளவு நுணுக்கம் வேண்டுமா, அறிவுக்கூர்மை மிக்க இயந்திரம் குறைந்த விளக்கத்திலிருந்தும் கருத்தை ஊகித்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். ஊகிக்கும் என்பது உண்மையே. ஆனால் எதைக் கொண்டு ஊகிக்கும் என்பதைக் கருத வேண்டும். விளக்கம் விட்ட இடத்தை மாதிரி, தான் பயின்ற உரைகளில் மிகுந்து காணப்படும் வழக்கால் நிரப்புகிறது. அவ்வுரைகளில் ஆங்கிலத்தின் பங்கு பெரிது, தமிழின் பங்கு மிகச் சிறிது. ஆகவே குன்றக் கூறலின் இழப்பு எல்லா மொழியினருக்கும் ஒரே அளவினதன்று. ஆங்கிலப் பயனாளருக்கு ஊகம் பெரும்பாலும் சரியாக அமையும். தமிழ்ப் பயனாளருக்குப் பெயரும் எழுத்தும் பிழைபடும். தெளிவான விளக்கம் சிறுபான்மை வழக்குகளுக்கு ஒரு பாதுகாப்பாகிறது என்பது இங்கு அழுத்திக் கூறத்தக்கது.

இனி, மறுதலையாக, நூற்பாவின் சுருக்கமே இலக்கு என்பாருக்கும் ஒன்று கூற வேண்டும். நூற்பா சுருங்கியது, ஆயினும் அது தனித்து நின்றதில்லை. அதற்கு ஆசிரியர் இருந்தார், உரை இருந்தது. கருவி விளக்கத்துக்குப் பின்னின்று பொருளுரைப்பார் எவருமிலர். ஆதலின் அது நூற்பாவினும் காண்டிகையுரையையே ஒத்திருத்தல் வேண்டும். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகியவற்றைச் சுருக்கமாகத் தந்து, எழக்கூடிய வினாவுக்கு விடையும் கூறுவது காண்டிகை. கருவி என்ன செய்யும் என்பது கருத்து; உள்ளீடு ஒவ்வொன்றும் குறிப்பது பதப்பொருள்; ஓர் அழைப்பின் மாதிரி எடுத்துக்காட்டு; வெறுமையான விடை வந்தால் என்ன கொள்வது என்பது வினாவிடை. விருத்தியுரை வேண்டுவதில்லை, காண்டிகைக்குக் குறைவாகவும் கூடாது. நன்னூலின் பத்தழகுகளுள் சுருக்கமும் விளக்கமும் அருகருகே வைக்கப்பட்டமை, ஒன்றால் மற்றொன்றைக் கெடுக்கலாகாது என்பதைக் காட்டுவதாகக் கொள்ளலாம்.

7. எழுதுவோர் யார்

சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியனே செய்தல் மரபன்று. அவனுடைய ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், உரைகாரன் ஆகியோரே அதற்குரியர். தற்புகழ்ச்சியைத் தவிர்த்தல் இதற்குக் கூறப்படும் காரணம். வேறொரு பயனும் இதில் உண்டு. ஆக்கியோன் தன் பொருளை முற்றும் அறிந்தவன். ஆதலின் பிறர் எதனை அறியார் என்பதை அறியான். கருவியைச் செய்தவருக்கு அதன் எல்லை சொல்லாமலே விளங்கும். விளக்கத்தில் அது விடுபடுவதற்கு முதற்காரணம் இதுவே. எனவே கருவியைப் பயன்படுத்திப் பார்த்த ஒருவர் விளக்கத்தை எழுதுவதோ திருத்துவதோ நன்று. பல வினாக்களைக் கொடுத்துச் செயல்முகவர் எக்கருவியை, எவ்வுள்ளீட்டோடு தேர்கிறது எனக் காணுதல் அதற்குரிய சோதனை. தேர்வு பிழைத்தால் முதலில் ஐயுற வேண்டியது விளக்கத்தையே.

பாயிரம் அயலாரால் எழுதப்படுவதில் ஓர் இடரும் உள்ளது. அறிமுகமற்ற ஒருவர் வழங்கிய கருவியின் விளக்கத்துள் செயல்முகவரைத் திசைதிருப்பும் கட்டளைகள் மறைத்து வைக்கப்படலாம். விளக்கம் விளக்கமாக நில்லாமல் ஏவலாக மாறும் தீமை இது. ஆகவே நம்பத்தக்கோர் தந்த விளக்கமா என ஆராய்வதும் பயனாளர் கடமையாகிறது.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. கருவி விளக்கம் என்பது பொருளைக் காணாதவருக்கு எழுதப்படும் பாயிரம். அது செயலை மட்டுமன்றி எல்லையையும் கூற வேண்டும். வரையறை பொருள்கூறலாக அமையாமல் சோதனையாக அமைவது சிறப்பு என்பதற்குக் கள ஆய்வின் 'குடும்ப' வரையறையும், ஒரு பெயர் ஒன்றனையே சுட்ட வேண்டும் என்பதற்கு அரங்கநாதனின் நெறியும் சான்று. பிழைகளை இனங்காண நன்னூலின் குற்றப் பகுப்பு இன்றும் பயன்படுகிறது. சுருக்கத்தின் அளவைப் பொறுத்தவரை நூற்பா வழிகாட்டாது; காண்டிகையே வழிகாட்டும்.

தமிழில் அலுவலகங்களும் நூலகங்களும் இத்தகைய கருவிகளை ஏற்கும் காலம் இது. அவற்றின் விளக்கங்களை ஆங்கிலத்தில் எழுதியபின் இறுதி நாளில் மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்படைப்பது போதாது. பெயர், எழுத்து, தொகை ஆகியவற்றை அறிந்த மொழியியலாளர் உள்ளீட்டுப் பட்டியல் வகுக்கப்படும்போதே உடனிருத்தல் வேண்டும். வையாபுரிப் பிள்ளையின் நூல்கள் கொல்கத்தாவில் உள்ளன. அவற்றைத் தேடும் ஒருவருக்கு ஓர் இயந்திரம் 'இல்லை' என விடையளிக்குமாயின், அப்பிழை இயந்திரத்தினுடையதாக இராமல், விளக்கத்தை அரைகுறையாக எழுதியவர்களுடையதாகவும், அதைக் கேட்டுத் திருத்தாத நம்முடையதாகவும் இருக்கக்கூடும்.